லான்மடாவ் முப்பாட்டன்

ரங்கூன் தமிழர்கள் அத்தனை பேரையும் ஒரே ஆள் களைப்படைய வைத்தார் என்றால், அது எங்கள் முப்பாட்டன்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் லான்மடாவ் பேட்டை மெஸ்ஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், துறைமுகத்தில் குமாஸ்தா. நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எதிரில் வருபவரிடம் "சாப்டாச்சா?" என்று கேட்காமல், "உங்க முப்பாட்டன் பேரென்ன?" என்று கேட்பார், அதனால் வந்த பெயர்.

பதிலெல்லாம் ஒரு தடி நோட்டில் ஏறும். சவரக்கத்தி தொண்டையில் இருக்கும்போதே நாவிதரிடம் தாய்வழி விசாரித்திருக்கிறார். அவர் யோசிக்க ஆரம்பித்து, பாதி மீசையோடு இவரை அனுப்பிவிட்டார். அரிசி மில்லில் நாளெல்லாம் நின்றுவிட்டு நான் சாயங்காலம் வந்து காலை நீட்டினால், "உன் அத்தை வழியில ஒரு சந்தேகம்" என்பார். எனக்கு அத்தையே இல்லை என்று சொல்லக்கூடத் தெம்பிருக்காது.

ஊரார் வம்சமெல்லாம் எழுதியவருக்குத் தன் கொள்ளுப்பாட்டியின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. தஞ்சாவூருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். ஒருநாள் பதில் வந்தது. கும்பினி காலத்தில் ஊரில் பேதி கண்டபோது, அவளைச் சூனியக்காரி என்று சொல்லிப் பல்லைப் பிடுங்கி விரட்டிவிட்டார்களாம். அதன்பிறகு சொந்தக்காரர்களே அவள் பெயரைச் சொல்வதில்லையாம்.

"பல்லைப் புடுங்குனவன் பேரெல்லாம் இருக்குப்பா. அவ பேரு மட்டும் இல்ல."

இரண்டு நாள் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மெஸ்ஸே பயந்துபோயிற்று.

மூன்றாம் நாள், ஞாயிறு காலை, தெருமுனையில் கூச்சல். மோஹிங்கா என்கிற பர்மா மீன்குழம்புச் சேமியா விற்கும் விதவை பொன்னம்மாவைச் சுற்றிப் பத்திருபது பேர். மாணிக்கம் மேஸ்திரியின் குழந்தைக்கு வலிப்பு. இவள் வைத்த சூனியம்தான் காரணமாம். மேஸ்திரி கையில் குறடு.

முப்பாட்டன் நோட்டோடு உள்ளே புகுந்தார்.

"மேஸ்திரி, உன் அம்மாச்சியும் இவ அம்மாச்சியும் கூடப்பொறந்தவங்க. இவ சூனியக்காரின்னா அந்த ரத்தம் உன் வீட்லயும்தானே ஓடுது? அண்ணாமலை, நில்லு! நீ இவளுக்குப் பங்காளி முறை."

பக்கத்தைத் திருப்பத் திருப்பக் கூட்டம் கரைந்தது. சூனியக்காரிக்குச் சொந்தமாக யாருக்கும் ஆசையில்லை. கடைசியில் மேஸ்திரி மட்டும் குறடோடு நின்றார்.

"புள்ளய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுய்யா!" என்று முப்பாட்டன் கத்தினார். மேஸ்திரி ஓடினார். பிள்ளை பிழைத்தது.

திரும்பும்போது கேட்டேன்: "அண்ணே, அதெல்லாம் நோட்டுல இருக்கா?"

"பொய்ப்பா. அத்தனையும் பொய்."

ஒரு பெயரைக்கூட ஊகித்து எழுதியறியாத மனிதர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், மெஸ் வாசல்வரை விடவில்லை.