பிரம்மநாயகியைப் பெங்களூருக்கு அனுப்பாதிருக்க வேண்டி

சேரன்மகாதேவி,
12.6.1999

அன்புள்ள மைத்துனர் சிரஞ்சீவி குமரகுருபரனுக்கு அத்தான் தாணுமாலையன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா வடிவம்மாளும் குறையில்லாமல் இருக்கிறோம். அமெரிக்காவில் இப்போது குளிரா வெயிலா என்று தெரியாததால், உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் இரண்டுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீசில் அடுத்தவர் மனுவைப் படித்தவன் இன்று முதன்முறையாக ஒரு மனு எழுதுகிறேன். உன் மருமகள், எங்கள் மகள் பிரம்மநாயகி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். இருபத்தொன்பது வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது, இங்கிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புவதற்கே உன் அக்கா சாயங்காலம் வாசலில் நிற்கிறாள். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். போகாதே என்று உடனே நாலு வரி எழுதிப் போடு. அது உன் கடமையும்கூட. எல்லாவற்றுக்கும் காரணம் நீ அனுப்பிய பெட்டிதான்.

அவள் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த கல்லூரியில் போன வருஷம் தானாகவே இணைப்புக் கொடுக்கும் புது மெஷின் வந்தது உனக்குத் தெரியும். வேலையை விட்டு எடுக்கவில்லை. சூப்பிரண்டு பலவேசம், "நீ வந்து கையெழுத்துப் போட்டுட்டு உக்காரும்மா, போதும்" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். இவள் மூன்று மாதம் உட்கார்ந்தாள். அப்புறம்தான் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று உனக்கு எழுதினாள். நீயும் யோசிக்காமல், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அந்தப் பேசும் பெட்டியை அனுப்பி வைத்தாய். மேலப்பாளையத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். எல்லாரும் போடுகிற சிஸ்டத்தில் பெட்டியைப் பேச வைக்கத் தனியாக ஒரு புரோகிராம் வாங்க வேண்டுமாம், அதன் விலைக்கு இங்கே ஒரு வயலே வாங்கலாம். இவள் எங்கேயோ விசாரித்து, ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்த சி.டி. தகட்டைக் கொண்டுவந்தாள். லினக்ஸ் என்று பேர். அதற்குள் எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் திருத்தலாம், யாரும் கேட்க மாட்டார்களாம். பதிவேட்டில் ஒரு எழுத்தைத் திருத்தியதற்கே மெமோ வாங்கிய நான் அதைக் கேட்டதும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அதை ஏற்றி முடிக்கும்வரை பெட்டி பேசாது என்பதால் திரையைப் படிக்கும் வேலை எனக்கு. நான் முறைப்படி முதல் வரியிலிருந்து கமா, முற்றுப்புள்ளி விடாமல் படித்தேன். நடுவில் 'டீமன்' என்று வந்தது. அகராதியைப் புரட்டினால் பேய் என்று போட்டிருக்கிறது. உன் அக்கா ஓடிப்போய்த் திருநீறு எடுத்து வந்து கம்ப்யூட்டர் நெற்றியில் பூசிவிட்டாள், கொஞ்சம் உள்ளேயும் விழுந்தது. பிரம்மநாயகி, "அப்பா, அது பின்னால இருந்து வேலை செய்யுத புரோகிராம். என்ன எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க, அர்த்தம் பாக்காதீங்க" என்றாள். மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் பெட்டி வாயைத் திறந்தது. வெள்ளைக்காரன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல். அடுத்த வீட்டு நீலாம்பாள் சுவருக்கு மேல் எட்டி, "அண்ணாச்சி, உங்க வீட்டுல யாரோ இங்கிலீஷ்ல ஏசிட்டிருக்கானே, யாரு?" என்று கேட்டாள். மறுநாளே இவள் மானிட்டரைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். மேசையில் இடத்தை அடைக்கிறதாம்.

அந்தப் பெட்டிக்கு நம் ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நாங்குநேரியை அது சொன்ன விதத்தைக் காகிதத்தில் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இவள் பொறுக்க மாட்டாமல் புரோகிராமைத் திறந்து, நம் பக்கத்துப் பெயர்கள் எண்ணூறுக்கு உச்சரிப்புப் பட்டியல் எழுதிச் சேர்த்துவிட்டாள். அதோடு விட்டாளா, கல்லூரி இன்டர்நெட் வழியாகப் புரோகிராமை எழுதியவருக்கே அனுப்பினாள். அவர் ஏற்றுக்கொண்டு, அடுத்த பதிப்பில் நன்றி சொல்லும் இடத்தில் 'பிரம்மநாயகி, சேரன்மகாதேவி' என்று போட்டுவிட்டார். உலகத்தில் எந்த மூலையில் யார் திறந்தாலும் நம் ஊர் இருக்கும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கேடு எங்கே ஆரம்பித்தது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

போன மாதம் கல்லூரிக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து சிஸ்டம் எழும்பவில்லை. மூன்று வாரமாக ஏற்றிய ஆயிரத்து நூறு பிள்ளைகளின் மார்க்கு அதற்குள். மறுநாள் காலையில் சேர்க்கைப் பட்டியல் ஒட்ட வேண்டும். வந்து பார்த்த மெக்கானிக், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனான். மூலையில் உட்கார்ந்திருந்த இவள், "சார், அந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எங்க வீட்டுக்குக் கொண்டாங்க" என்றிருக்கிறாள். வேறு போக்கிடம் இல்லாததால் பலவேசம் அதைக் கழற்றித் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் இவளோடு வந்து இறங்கினார். வந்தவர் மேசையைப் பார்த்தார், மேசைக்குக் கீழே பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏம்மா, ஸ்க்ரீன் எங்க?"

"எதுக்கு சார்?" என்றாள் இவள்.

அவர் பைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இவள் விரலால் தடவித் திருகாணியைக் கழற்றி, அவர் கொண்டுவந்ததைத் தன் கம்ப்யூட்டருக்குள் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். அந்த வைரஸ் லினக்ஸிடம் வாலாட்டாதாம். பெட்டி பேச ஆரம்பித்தது. அந்த வேகத்தில் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, இவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டே போகிறாள். கண்ணுள்ள நாங்கள் இரண்டு பேர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பலவேசம் என் கையைப் பிடித்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் குரலின் வேகத்தைக் குறைத்தாள். பெட்டி நிதானமாக ஒவ்வொரு பெயராக வாசித்தது. ஆன்லின், தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. எட்வின், எண்ணூற்று நாலு. ஜுபைதா பீவி, ஆயிரத்து அறுபத்தெட்டு. சுத்தமான உச்சரிப்பு.

"சார், எல்லாம் இருக்கு. ஒண்ணும் போகல."

பலவேசம் எழுந்து நின்றார். "அம்மா, ஒன்னய நான் மூலையில உக்கார வச்சேனே" என்றார். அவர் எழுந்தது இவளுக்கு ஸ்டூல் சத்தத்தில் தெரிந்திருக்கும். "உக்காருங்க சார், காப்பி வருது" என்றாள். நான் உன் அக்காவிடம் காப்பிக்குச் சொல்ல உள்ளே போனேன். சர்க்கரை டப்பாவைத் தேடுவது போல அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்க்கை மீட்ட சேதியை மட்டும் யாரோ பெங்களூருக்கு எழுதிவிட்டார்கள், செய்தது ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை போல. லினக்ஸ் போட்டுத் தரும் கம்பெனி ஒன்றிலிருந்து, சந்தேகம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு 'திரு. பிரம்மா' என்று விலாசமிட்டுக் கடிதம் வந்தது. நான் திரு இல்லை, எனக்குக் கண்ணும் தெரியாது என்று இவள் பதில் போட்டாள். அங்கேயாவது தயங்குவார்கள் என்று நம்பியிருந்தேன். என்றைக்கு வந்து சேர முடியும், பேசும் பெட்டி உங்களிடம் இருக்கிறதா, நாங்கள் வாங்கி வைக்கவா என்று கேட்டு எழுதிவிட்டார்கள். பொறுப்பில்லாத ஆட்கள்.

"பெங்களூர்ல ரோடு தெரியாதேம்மா" என்றேன்.

"சேரன்மாதேவி ரோட்டைத் தெரிஞ்சுக்கிட்டா பொறந்தேன்?" என்கிறாள்.

இதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை, குமரகுருபரா. நீதான் எழுத வேண்டும். கண்டிப்பாக எழுது. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி, உன் வீட்டம்மாளுக்கு அக்காவின் அன்பு. நெல்லையப்பரும் காந்திமதியும் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தாணுமாலையன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போனவன் மனசு கேட்காமல் அப்படியே பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய், பெங்களூர்ப் பஸ்ஸில் இரண்டு சீட்டுப் பதிவு செய்து வந்தேன். இரண்டாவது சீட்டு எதற்கு என்று கேட்டு, அதை ரத்து செய்துவரச் சொல்லி இவள் என்னைத் திரும்ப அனுப்பினாள். செய்துவிட்டேன். ஆகையால் மேற்படி மனுவைத் தள்ளுபடி செய்துவிடு. மனுவைப் படித்த வேகத்திலேயே போகாதே என்று எழுதியிருந்தால் கிழித்துப் போடு. இருபதாம் தேதி கிளம்புகிறாள். ஜன்னலோர சீட்டு வேண்டுமா என்று கவுண்டரில் கேட்டார்கள். ஆமாம், என் மகள் ஜன்னலோரம்தான் உட்காருவாள் என்று சொன்னேன்.