தர மேம்பாட்டுப் பிரிவின் இரங்கல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டுத் தனியுரிமையைக் கண்டுபிடித்தது. அதை இன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பவர்கள் பேசும் பெட்டி நிறுவனத்தார். நம்பாதவர்கள் நூலகரம்மாவுக்கு நேர்ந்ததைக் கேட்டுத் தெளியலாம்.

நூலகரம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறை அலமாரியில் அந்தப் பெட்டியை வாங்கி வைத்தவர் அவர்தான். மழை வருமா என்று கேட்பார். வராது என்று அது சொல்லும். குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அவ்வளவு நம்பிக்கை. ஒருநாள் காலை அம்மா பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இல்லை. பெட்டியில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாராவது பேசி, அதைப் பெட்டி வாங்கிக்கொண்டால்தான் அந்த விளக்கு எரியும்.

ஆக, போகிற நேரத்தில் மனிதர் ஏதோ சொல்லியிருக்கிறார். அது என்னவென்று தெரியாமல் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனார்.

ஒளிவுமறைவற்ற நிறுவனம் என்பதால் அங்கே எல்லாச் சுவரும் கண்ணாடி. ஒரே ஓர் அறைக்கு மட்டும் கறுப்புக் கதவு. அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"சாரோட பதிவுதானே? தாராளமா. சார் நேர்ல வந்து ஒரு வார்த்தை பேசினா போதும் மேடம். குரல் பொருந்தினா உடனே குடுத்துடுவோம்."

"அவர் இறந்துட்டாருங்க."

"ரொம்ப வருத்தம் மேடம். வீடியோ கால்ல வந்தாக்கூடப் பரவாயில்ல."

"எங்க அண்ணன் உயிரோட இருக்கறப்பவே வீடியோ கால்ல வரமாட்டார்யா!" என்றாள் நாத்தனார். "இப்ப எங்கேருந்து வரச் சொல்றே?"

அதிகாரி சற்றும் கோபப்படாமல் கணினியில் 'வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று பதிந்துகொண்டார். அம்மா இறப்புச் சான்றிதழை நீட்டினார்.

"இது சார் இறந்ததுக்கு ஆதாரம் மேடம். சம்மதிச்சதுக்கு இல்லையே."

"நான் அவர் சம்சாரம்ங்க."

"அதனாலதான் மேடம் யோசிக்கறோம். ஒருத்தர் தனியாப் பேசினதை முதல்ல யார்கிட்டேருந்து காப்பாத்தணும்? நீங்களே சொல்லுங்க."

எவ்வளவு ஆழ்ந்த சிந்தனை! "அவர் பேசினதை ஒரே ஒரு தடவை கேட்டாப் போதுங்க" என்று அம்மா கெஞ்சினார். அப்போது கறுப்புக் கதவைத் திறந்துகொண்டு, கழுத்தில் ஹெட்போன் தொங்க, தேநீர்க் கோப்பையோடு ஒரு பெண் வந்தாள். அம்மாவின் குரலைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"மேடம், நீங்க லிஃப்ட் சார் வீட்டம்மாதானே? முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?"

அவள் தர மேம்பாட்டுப் பிரிவாம். பெட்டி காதில் வாங்கியதை இன்னொரு முறை காதில் வாங்கித் தரத்தை உயர்த்துவது அவர்கள் பணி. அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுக்க, பிரிவே வெளியே வந்து அம்மாவைச் சூழ்ந்துகொண்டது. சொந்தக்காரர்கள்கூட இப்படித் துக்கம் விசாரிக்கவில்லை.

"வெங்காயம் நறுக்கிக்கிட்டே சார் பாடுவாரே, அப்ப நாங்க வேலையவே நிறுத்திடுவோம் மேடம்."

"உங்க தம்பி கல்யாணத்துக்கு நீங்க போகாதது சரிதான் மேடம். அவர் பேசினது ரொம்ப ஓவர்."

"அடப்பாவிகளா!" என்றாள் நாத்தனார். "என்னைப் பத்தி அண்ணி என்ன சொல்லியிருக்காங்க?"

பிரிவு மொத்தமும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தது. தனியுரிமை!

அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்குக் காலையில நான் பால் வாங்கப் போயிருந்தேன்மா. அவர் என்ன சொன்னார்?"

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. விதிமுறை கொஞ்சம் நழுவியது.

"உங்களைத்தான் கூப்பிட்டார் மேடம். நாலஞ்சு தடவை. அப்புறம், நெஞ்சு வலிக்குது, யாராவது இருக்கீங்களான்னு கேட்டார்."

"இதை எப்பம்மா கேட்டே?"

"அப்பவேதான் மேடம். எங்களுக்கு உடனுக்குடன் வந்துடும். எல்லாரும் பதறி எழுந்து நின்னுட்டோம்."

"யாராவது இருக்கீங்களான்னு கேட்டாரே. நீங்க இருந்தீங்களே."

"இருந்தோம் மேடம்."

"ஒரு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தப் பெண் அதிகாரியைப் பார்த்தாள். பதிலை அவரே பொறுமையாகச் சொன்னார்.

"எப்படி மேடம் முடியும்? நாங்க இருக்கறதே வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியக்கூடாதே."

ஒரு மனிதர் தம் சமையலறையில் யாருடைய குறுக்கீடும் இல்லாமல் செத்துப்போகும் உரிமையை, ஒரு பிரிவே எழுந்து நின்று காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.