பாட்டிலுக்குள் ஒரு மேகம்

"சைக்கிள் பம்பை நான் அடிக்கிறேன், நீ விளக்கம் சொல்லு."

"நீங்க அடிச்சா கார்க் பறந்து யார் மூக்குலயாவது விழும். அதான் டேப் சுத்தி..."

"சுத்தினது சரி, இந்த ஜிகினா எதுக்கு?"

"மேகம்னா ஒரு களை வேண்டாமா?"

"அப்பா, நான் ஒரே ஒரு தடவை..."

"கையை எடு! உன் புராஜெக்ட் கெட்டுப்போயிடும்."

அறிவியல்மீது ஒரு குடும்பம் கொண்ட பக்திக்கு வேறு சான்று வேண்டுமா? ஏழாம் வகுப்பில் படிப்பவள் மகள்தான். ஆனால் அவளுடைய 'மாணவர் படைப்பு'க்காக மருத்துவ விடுப்பு எடுத்துத் தியாகம் புரிந்தவர், தலைமை எழுத்தரான அப்பா; டேப்பும் ஜிகினாவும் அம்மாவின் உபயம். காற்றை அழுத்தினால் சூடேறும், சட்டென்று விரியவிட்டால் குளிரும், பாட்டிலின் ஈரம் மேகமாகத் திரளும் என்று குளியலறையில்கூட ஒப்பித்தார்.

கண்காட்சிக் கூடமும் அப்படியே ஒளிர்ந்தது. எரிமலைக்குப் பின்னால் ஒரு பல் டாக்டர். காற்றாலைக்குப் பின்னால் ஒரு வங்கி மேலாளர். 'இளம் விஞ்ஞானிகள்' கடைசி பெஞ்சில் பிஸ்கட் தின்று அறிவியலுக்குத் தொண்டாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் வந்தார். அப்பா மூச்சிரைக்க அடித்தார்.

"பம்பைத் தொட்டுப் பாருங்க சார். சூடு!"

தொட்டவர் விரலை உதறிக்கொண்டார். "சரி, மேகம் எங்கே?"

கோப்பு நகர்த்தும் நிதானத்தோடு அப்பா பம்பை மெல்லக் கழற்றினார். காற்று பொறுமையாகப் புஸ்ஸென்று வெளியேறியது. பாட்டில் துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"வந்துடும் சார். பரிசீலனையில இருக்கு."

பல் டாக்டர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மெதுவா விட்டா எப்படிப்பா குளிரும்?"

மகள்! எப்போது பெஞ்சைவிட்டு வந்தாளோ, டேப்பைப் பரபரவென்று கிழித்தாள். கார்க்கை இறுக்கினாள். பம்பைப் பிடுங்கி அடி அடியென்று அடித்தாள்.

டப்!

கார்க் பறந்து எரிமலையின் வாயில் விழுந்தது. எரிமலை பல் டாக்டரின் வெள்ளைச் சட்டைமேல் பொங்கியது. பாட்டிலுக்குள் வெள்ளைவெளேரென்று ஒரு மேகம்! பிஸ்கட் பெஞ்ச் மொத்தமும் விசிலடித்தது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட உழைப்பு, அவருடையது!

மாலையில் மேடையிலிருந்து அறிவித்தார்கள்: "முதல் பரிசு, பாட்டில் மேகம்!"

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். அம்மா தலையைக் கோதிக்கொண்டு எழுந்தாள். இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு மேடைப்படியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"கப்பு வாங்கவாவது நான் போகலாமாப்பா?"