இரண்டே இரண்டு வார்த்தை

யாழ்ப்பாணத்தில் ஒலிவாங்கி நட்ட இடமெல்லாம் ஓர் இனம் முளைக்கும். உரம் வேண்டாம். பக்கத்தில் ஒரு கதிரையும் ஒரு சோடாப் போத்தலும் இருந்தால் போதும். அறிமுகவுரையாளர் என்று பெயர். "இரண்டே இரண்டு வார்த்தை" என்றுதான் தொடங்குவார். அந்த இரண்டும் எவையென்று இன்றுவரை எவரும் கண்டுபிடித்ததில்லை.

மாதிரிக்கு அரியாலை நடராசாவைப் பார்ப்போம். இளைப்பாறிய கூட்டுறவுப் பரிசோதகர். அன்று அவர் அறிமுகப்படுத்த வேண்டியது ஓர் இசைக்காரியை. குருநகர் ஜெசிதா, மாதா கோயில் பாண்ட் வாத்தியக் குழுவில் கிளாரினெற் ஊதப் பழகி, புலமைப்பரிசிலில் வெளிநாடு போய்ப் படித்து, நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் சிறுகுழுக்களில் பத்து வருடம் வாசித்து, முதல் தடவையாகச் சொந்த ஊர் மேடையில் இருந்தாள். பின்னால் தந்தி வாத்தியக்காரர் நால்வர். வாசிப்பு முப்பத்தைந்து நிமிடம். மண்டபம் ஐந்து தொடக்கம் ஆறு மணி வரை. ஆறுக்கு அங்கே உயர்தர இரசாயனவியல் ரியூசன் வகுப்பு. இந்த ஊரில் கல்யாணம் பிந்தும், ரியூசன் பிந்துமா?

நடராசாவுக்கோ வேறு கவலை. ஆள் யாரென்று தெரியாமல் சனம் எப்படி ரசிக்கும்? ஆறு பக்கம் எழுதி வந்திருந்தார். நாலு பக்கத்தில் அவரே இருந்தார்.

கிளாரினெற்றின் வாய்ப்பகுதியில் பொருத்தும் நாணல் சீவாளி காய்ந்தால் ஊத முடியாது. ஜெசிதா அதை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருந்தாள். நடராசாவுக்கு இது பெரிய வசதி.

"இந்தப் பிள்ளைக்கு இசை ஆர்வத்தை ஊட்டினதே என்ரை ஒரு பேச்சுத்தான். என்ன பிள்ளை?"

"ம்ம்ம்!"

"ஓம் எண்டு சொல்லுறா!"

மணி ஐந்தரை. "மீன்பிடிக் குடும்பத்திலை பிறந்தும் இவ்வளவு திறமை!" என்று பாராட்டினார். கடலுக்குப் போகிறவன் வீட்டில் மூச்சுக் குறையும் என்று எந்த விஞ்ஞானி சொன்னான்? நடராசாவும் யோசித்தார், காரணம் கிடைத்தது.

"உது சும்மா வாற திறமை இல்லை. போன பிறப்பிலை உவ நாதஸ்வரம் ஊதியிருக்கிறா!"

தினமும் ஆறு மணித்தியாலம் உதடு வெடிக்க ஊதியவளுக்கு ஒரு சொல் இல்லை. பாராட்டு முழுவதும் பழைய பிறப்புக்குப் போயிற்று. முன்வரிசையில் தாய் லூர்த்தம்மா எழும்பினாள்.

"ஐயா, போன பிறப்பிலை ஊதினது கிடக்கட்டும். இந்தப் பிறப்பிலை ஒருக்கா ஊத விடுங்கோ!"

மண்டபம் சிரித்த சிரிப்பில் நடராசா தானாகவே கதிரையில் விழுந்தார். மணி ஐந்து ஐம்பது.

ஜெசிதா ஊதத் தொடங்கினாள். ஆறு மணிக்கு ரியூசன் பிள்ளைகள் வந்து யன்னல்களை நிறைத்தார்கள். ஆசிரியர் மணிக்கூட்டைக் காட்டினார். "முடியட்டும் சேர், நல்லா இருக்கு" என்றார்கள். இசைதான் காரணமா, இரசாயனவியல்தான் காரணமா, யார் கண்டது? வாசிப்பு முடியும்வரை ஒரு பிள்ளை அசையவில்லை. நடராசாவின் காதில் மட்டும் ஒரு சுரமும் ஏறவில்லை. அவர் நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியது. ஒலிவாங்கி கரகரத்தது.

"இரண்டே இரண்டு வார்த்தை..."

யன்னல்கள் அத்தனையும் ஒரே குரலில் கத்தின: "சேர், வகுப்பைத் தொடங்குங்கோ!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. அடுத்த கூட்டத்தில் யாராவது, "நீங்களும் ஏதாவது கதையுங்கோவன்" என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார். அப்போது உங்கள் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகிறதா? மடித்த தாள் ஒன்று தட்டுப்படுகிறதா?

எத்தனை பக்கம்?