போர்ச்சுகலுக்கு நான் சொன்ன சம்மதம்

தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேச அறிவு வேண்டியதில்லை, தமிழ் சரளமாக வந்தால் போதும். இதை நம்பித்தான் இருபத்திரண்டு வயதில் நான் கோவாவை மீட்கப் போனேன். (போனது கோவாவுக்கு இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தெரு படிப்பகத்துக்கு.)

கோவாவைப் போர்ச்சுகல்காரர்கள் விடுவார்களா மாட்டார்களா என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். படிப்பக ஆண்டுவிழாவில் அந்தப் பேச்சுவார்த்தையை மேடையில் நடத்திக் காட்டுவதென்று முடிவாயிற்று. பி.ஏ. படித்தவன் என்பதால் நான் இந்தியத் தூதர். போர்ச்சுகல் தூதராக நடிக்க ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் என் அண்ணன் ஒப்புக்கொண்டார். அப்பாவோடு பட்டுப்புடவை வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர். சின்ன வயதிலிருந்தே அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. (பேசினால் கை நீளும்.)

தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி எல்லாவற்றுக்கும் இணங்கியது.

விழா அன்று முன்வரிசையில் அப்பா. என்னையும் வியாபாரத்தில் சேர்ப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அடிமைத்தளை, வீரம், மானம் என்று நான் முழங்கி முடித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அண்ணன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஊரை எடுத்துக்கோபா. துறைமுகம் மட்டும் எங்ககிட்ட இருக்கட்டும். கப்பல் வந்துக்கினு போயிக்கினு இருக்குது. திடீர்னு கைமாத்தினா யாவாரம் கெட்டுப்பூடும்."

"மேதகு தூதர் அவர்களே, அது வந்து..."

"அப்பறம் ஆத்தங்கரைப் பக்கம் கொஞ்சம் நெலம். பத்து வருஷத்துக்குத்தான்." பிறகு வீட்டில் பார்க்கும் அதே பார்வையை என் மேல் போட்டு, "என்னா, சரியா?" என்றார்.

"சரிண்ணா" என்றேன். மைக்கில்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "டேய், அந்த ஊரையும் அவங்களுக்கே குடுத்துட்டு வாடா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சில நாட்களிலேயே ராணுவம் கோவாவுக்குள் போனது. போர்ச்சுகல்காரர்கள் வெளியேறினார்கள். நாடு என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. நான்தான் தப்பவில்லை. வியாபாரத்தை அப்பா அண்ணனிடமே விட்டார். பாகப்பிரிவினை வந்தபோது, "ரெண்டு பேருக்கும் சேத்துப் பெரியவனே பேசிடுவான்" என்றார். அண்ணனும் பேசினார். தெருவைப் பார்த்த முன்கட்டும் கடையும் அவருக்கு, கிணற்றடியை ஒட்டிய பின்கட்டு எனக்கு. நான் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் பிள்ளைகள் இன்றைக்கும் முன்கட்டைத் துறைமுகம் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

என் மகளுக்கு வாலாஜாபாத்திலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் புறப்பட்டேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரியப்பா பேசட்டும்பா. நீ சும்மா உக்காந்துக்கினு இரு."

அந்த மேடை விஷயம் அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அண்ணன் எனக்காக நன்றாகவே பேசினார். நான் காலி காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.