ஆஸ்பத்திரிக்குப் போன கேட்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இந்த வயதில் பொய் சொல்லி எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறேன்? எல்லாம் என் கண்ணால் பார்த்தது.

மறதி வார்டிலிருந்து சுவரேறிக் குதிக்கப் பார்த்த பெரியவரை மறுபடியும் பிடித்துவந்த தலைமை நர்ஸ், அவர் மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை ஓடினா கட்டிலோட கட்டிடுவோம் சார்."

"வீட்டுக்குப் போகணும்னுதானே சிஸ்டர் அழறார்?"

"நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்பவும் அதையேதானே சொல்லி அழுதார்!"

மகனுக்குத் தொழிலே ஆஸ்பத்திரிகளுக்கு மனம் ஆற்றும் தோட்டம் அமைப்பது. அப்பாவுக்காக வார்டுக்குப் பின்னால் ஒன்று போட்டார். பாதை முட்டி நின்றால் மறதிக்காரர்கள் மிரளுவார்கள். அதனால் வட்டமாக வளைத்து, கிளம்பிய வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தார்.

பெரியவர் வீடு நெருங்கிவிட்ட முகத்தோடு நடந்தார். வார்டு வாசல் வந்ததும் ஓவென்று அழுதார். "படுபாவிங்க, திரும்பவும் இங்கயே கொண்டாந்து விட்டுட்டாங்களே!"

பாதையோரம் ஒரு பஸ் நிறுத்தம் வைத்தார் மகன். கூரை, பெஞ்சு, பலகை எல்லாம் உண்டு. பஸ் மட்டும் கிடையாது. காத்திருக்கையில் அழுகை மறந்துவிடும் என்று கணக்கு. மொத்த வார்டும் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றது. சாப்பிடக் கூப்பிட்டாலும் நகரவில்லை, இடம் போய்விடுமாம்.

"இந்த பஸ்ஸை நம்பினா விடிஞ்ச மாதிரிதான்" என்று பெரியவர் மட்டும் சுவரை நோட்டம்விட்டார்.

பதறிப்போன மகன், சொந்த வீட்டு இரும்புக் கேட்டையே கழற்றிவந்து தோட்டத்து நடுவில் நட்டார்.

"அப்ப நம்ம வீட்டுக்கு?" என்றாள் மனைவி.

"கயிறு கட்டிக்கலாம்."

பெரியவர் கேட்டைத் தடவினார். முகம் மலர்ந்தது. மறுகணம், "ஐயோ, என் கேட்டைத் திருடிட்டு வந்துட்டானுங்க! போலீஸைக் கூப்பிடு!"

வார்டுக்கு வந்தபின் அவர் சொன்ன முதல் உண்மை அது. யாரும் நம்பவில்லை.

வேறு வழியில்லாமல் மகனே கேட்டுக்கு உள்ளே நின்று, "வாங்கப்பா, வீடு வந்தாச்சு" என்றார். பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அழுகை நின்றது.

அன்றிலிருந்து தினமும் மாலையில் மகனுக்கு வாசல் காவல். மற்ற ஆஸ்பத்திரி வேலைகள் கைவிட்டுப் போயின. கயிறு கட்டிய வீட்டில் மனைவி பேச்சை நிறுத்தினாள்.

ஒருநாள் மகன் வரத் தாமதமாகிவிட்டது. பெரியவர் தானே கேட்டைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். வெளியே நின்று, "அப்பா" என்றார் மகன்.

பெரியவர் உற்றுப் பார்த்தார். நர்ஸைக் கையசைத்துக் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"பாவம், யார் பெத்த பிள்ளையோ. வீடு தெரியாம தினமும் நம்ம வாசல்லயே வந்து நிக்குது. ஓடிப்போயிடாம கட்டிலோட கட்டிடும்மா."

அத்தனையும் சத்தியம். அந்த பஸ் நிறுத்தத்து வரிசையில் முதல் ஆள் நான்தான். இதோ, பஸ் வருகிறது.