செல்வியின் பட்டினிக்கு நான் காவல்

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தருமபுரி ஆஸ்பத்திரியில எங்க அக்கா மக செல்வி பக்கத்துல காலையில ஆறு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் உக்காந்திருக்கணும். அவ வாயில ஒரு பருக்கை கூடப் போகாமப் பாத்துக்கணும்.

அறுபதுகளோட கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயசு, செல்விக்கு ஏழு. தொண்டையில சதை வளந்து மாசத்துக்கு ரெண்டு தடவை காய்ச்சல். சோறு முழுங்கறதுக்கே அழுவா. பள்ளிக்கூடத்துல பேரு இருந்துச்சு, ஆளுதான் போறதில்ல.

ஆபரேஷன் பண்ற டாக்டர் சேலத்துல இருந்து செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாரு. போன செவ்வாய்க்கிழமை, பாக்க வந்த ஒரு சொந்தக்காரம்மா பாசம் பொங்கி ஒரு வாழைப்பழத்தை ஊட்டிவிட்டுட்டாங்க. ஆபரேஷன் அம்பேல்!

அக்காவுக்குக் கைக்குழந்தை ஒண்ணு இருந்துச்சு. அதை டவுன்லயே ஒரு சொந்தக்காரங்க வூட்டுல விட்டிருந்தா. அதுக்குப் பால் குடுத்துட்டு வரக் கிளம்பினவ, என் கையைப் புடிச்சுக்கிட்டா.

"வெறும் வயித்துல இருந்தாத்தான் மயக்க மருந்து குடுப்பாங்களாம்டா. இந்த வாரமும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"போக்கா! இதெல்லாம் ஒரு வேலையா?"ன்னேன்.

ஏழு மணிக்குச் செல்வி ஆரம்பிச்சா.

"மாமா, பசிக்குது."

"செத்த நேரம் பொறு கண்ணு."

"தண்ணியாச்சும் குடு மாமா."

கண்ணுல பொலபொலன்னு தண்ணி. எனக்கு மனசைப் பிசைஞ்சிருச்சு. மனசைப் பிசைஞ்சா வாய் சும்மா இருக்குமா? "நீ சாப்பிடற வரைக்கும் மாமாவும் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேன்"னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா!"

அவ அழுகை அப்படியே நின்னு போச்சு. "ரெண்டு பேரும் பட்டினி"ன்னு என் விரலைப் புடிச்சுக்கிட்டுப் படுத்துக்கிட்டா. எனக்குப் பெருமை தாங்கல.

எட்டு மணிக்கு எங்க ஊரு பாப்பாரப்பட்டியில இருந்து பஸ் வந்துச்சு. அதுல பாதி எங்க ஆளுங்க!

எங்க ஊர்ல நோயாளியைப் பாக்க வெறுங்கையோட போறது பெரிய குத்தம். முதல்ல பெரியப்பா ஒரு டஜன் பன்னோட வந்தாரு.

"பெரியப்பா, புள்ள சாப்பிடக் கூடாதுங்க. அவளுக்காக நானும் பட்டினின்னு சத்தியம் பண்ணியிருக்கேன். எடுத்துட்டுப் போயிருங்க."

"நல்லாருக்குதே! ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்ததைத் திருப்பி வூட்டுக்குக் கொண்டு போனா நோவும் கூடவே வந்துரும். நீயே வெச்சுக்க."

அடுத்தது, அக்கா வூட்டுக்குப் பக்கத்து வூட்டு சபுராம்மா. டப்பா நிறைய நெய் ஊத்தின இனிப்புச் சேமியா. மூடியைத் தொறக்குறதுக்கு முன்னாலயே வாசனை வார்டு முழுக்க வந்துருச்சு.

"அம்மா, அவ கண்ணுல காட்டிராதீங்க!"

"காட்டலப்பா. ஆனா திருப்பி எடுத்துட்டுப் போவ மாட்டேன். டப்பாவை மட்டும் கழுவிக் குடுத்துரு, நான் கீழ உக்காந்திருக்கேன்."

மூணாவதா அக்காவோட நாத்தனார். சுடச்சுட உருளைக்கிழங்கு போண்டா. அவங்களும் திருப்பி வாங்கல.

எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு, செல்வி கண்ணுல படாம மடியில வெச்சுக்கிட்டேன். செல்வி தூங்கிட்டா. நானோ விடியக்காலை பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல ஒண்ணும் சாப்பிடாம வந்தவன்.

டப்பாவைக் கழுவிக் குடுக்கணுமே! கழுவணும்னா காலி பண்ணணுமே! பையோட வராந்தாவுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால நின்னு, கடமைக்காகச் சேமியாவைக் காலி பண்ணினேன். இனிப்புக்கு மேல காரமா ஒண்ணு வேணும்னு தோணுச்சு. ஒரே ஒரு போண்டான்னுதான் ஆரம்பிச்சேன்.

"மாமா!"

திரும்பினா, ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு வந்த செல்வி. என் ரெண்டு கன்னத்துலயும் ரெண்டு போண்டா.

"மாமா திங்குது! சத்தியம் பண்ணிட்டுத் திங்குது!"

அவ போட்ட கூச்சல்ல வார்டே எந்திரிச்சு உக்காந்துருச்சு. என் கையில இருந்ததைப் புடுங்கி வீசினா. அவ கவுன் பூராவும் போண்டாத் தூள். அந்த நேரம் பாத்து ஹெட் நர்சம்மா வந்தாங்க.

"குழந்தைக்குக் குடுத்துட்டீங்களா? இன்னைக்கும் கேன்சல்தான்!"

அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?

"இல்லீங்க சிஸ்டர்! நான்தாங்க தின்னேன். எல்லாத்தையும் நானே தின்னேனுங்க!"

"இவ்வளவையும் ஒரே ஆளா?"

பக்கத்துக் கட்டில்ல புள்ளையை வெச்சிருந்த அம்மா எனக்குச் சாட்சி சொல்ல வந்தாங்க. "நெசந்தானுங்க. நான் சன்னல் வழியா பாத்துட்டேதான் இருந்தேன். புள்ள ஒண்ணுமே தொடலை. இந்தத் தம்பிதான் மூட்டையோட உள்ள தள்ளுச்சு."

நர்சம்மாவுக்கு அது போதல. எங்க ரெண்டு பேரையும் வார்டுக்குள்ள கூட்டிட்டுப் போய், டார்ச்சையும் நாக்கை அமுக்குற தகட்டுக் கரண்டியையும் எடுத்தாங்க. "பாப்பா, வாயைத் தொற."

செல்வி பல்லைக் கடிச்சுக்கிட்டா. அந்தக் கரண்டியைக் கண்டாலே அவளுக்குப் பயம். சேர்த்த நாள்ல இருந்து ஒருத்தருக்கும் வாயைத் தொறந்ததில்ல.

"மாமா மொதல்ல தொறக்கட்டும்"னா.

வேற வழி? தொறந்தேன். நர்சம்மா இன்னொரு கரண்டியை எடுத்து என் நாக்கை ஒரு அமுக்கு அமுக்கினாங்க. "ஆ சொல்லுங்க!"

"ஆ... உவ்வே!"

"கடைவாய் வரைக்கும் உருளைக்கிழங்கு. நடுவுல கடுகு கூட இருக்கு"ன்னு வார்டுக்கே கேக்குற மாதிரி அறிவிச்சாங்க.

எல்லாக் கட்டில்லயும் சிரிப்பு. செல்வி அழுத கண்ணோட வாயைப் பிளந்து சிரிச்சா. அந்தச் சிரிப்புலயே நர்சம்மா டார்ச் அடிச்சுப் பாத்துட்டாங்க. சுத்தம்!

பத்து மணிக்குச் செல்வி அழாம உள்ள போனா. டாக்டர் கரண்டியை எடுத்ததும் அவளே "ஆ"ன்னாளாம்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. "ரெண்டு நாளைக்குக் குழந்தை ஒரு வார்த்தை பேசக் கூடாது"ன்னாரு டாக்டர். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம், செல்வி முழிச்சுப் படுத்திருக்கறதைப் பாத்து அக்காவுக்கு அழுகையே வந்துருச்சு. "நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்டா! அவளுக்காக நீயும் பட்டினி கெடக்கறேன்னு சத்தியம் பண்ணினியாமே, பெரியப்பா சொன்னாரு!"

நான் தலையைக் குனிஞ்சு, "பரவாயில்லக்கா"ன்னேன்.

செல்வி என்னைப் பாத்தா. அவ அம்மாவைப் பாத்தா. ரெண்டு கன்னத்தையும் உப்ப வெச்சுக்கிட்டு, ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி வாயில அள்ளி அள்ளிப் போட்டுக் காட்டினா.

டாக்டர் பேசத்தான் கூடாதுன்னாரு. கையைக் கட்டிப் போடச் சொல்லல.